சேலம் சூனியக்காரி வழக்குகள், 1692: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை இந்த வழக்குகளைப் பற்றிப் பேசினேன். அன்றிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் பலவற்றுக்கு முன்னால் சொன்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சேலம் என்றால் நம்ம சேலமா?

இல்லை. இது அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற சேலம். 'அமைதி' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1692-ல் அது இங்கிலாந்துக்கு உட்பட்ட குடியேற்றப் பகுதி. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பியூரிட்டன்கள். கிறிஸ்தவத்தை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது இரண்டு சேலம் இருந்தன. ஒன்று துறைமுக நகரம். மற்றது சில மைல் உள்ளே தள்ளியிருந்த விவசாயக் கிராமம். பிரச்சினை தொடங்கியது கிராமத்தில், வழக்கு நடந்தது நகரத்தில். அந்தக் கிராமம் பிறகு பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அதன் பெயர் டேன்வர்ஸ்.

சுருக்கமாக, என்னதான் நடந்தது?

1692 ஜனவரியில் சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு வலிப்பு மாதிரி வந்தது. ஒருத்தி அவருடைய மகள் பெட்டி, வயது 9. இன்னொருத்தி உறவுக்காரப் பிள்ளை அபிகெயில் வில்லியம்ஸ், வயது 11. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இது உடம்பு நோய் இல்லை, தீய சக்தியின் வேலை என்று சொல்லிவிட்டார். யார் செய்தது என்று பெரியவர்கள் பிள்ளைகளைத் துருவினார்கள். மூன்று பெயர்கள் வந்தன: போதகர் வீட்டு அடிமைப் பெண் டிட்டூபா, வீடு வாசல் இல்லாமல் பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், நோயாளியாகப் படுத்திருந்த சாரா ஆஸ்பர்ன். மூன்று பேருக்கும் பரிந்து பேச ஊரில் ஆள் கிடையாது.

பிப்ரவரி கடைசியில் மூன்று பேர் மீது போட்ட வாரண்ட், சில மாதங்களில் 150 பேருக்கு மேல் சிறையில் அடைபடும் அளவுக்கு வளர்ந்தது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்: 14 பெண்கள், 5 ஆண்கள். ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். சாரா குட்டின் மகளையும் பிடித்து அடைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு நான்கு ஐந்து வயதுதான் இருக்கும். இந்த இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

சூனியக்காரிகளைக் கட்டிவைத்து எரித்தார்கள் என்றுதானே படித்தோம்?

சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளிலும் ஸ்காட்லாந்திலும். அங்கே சுமார் 1450 முதல் 1750 வரையிலான காலத்தில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதோடு பார்த்தால் சேலம் சின்ன நிகழ்ச்சிதான். ஆனால் சேலத்தில் வாரண்ட், விசாரணைக் குறிப்பு, சாட்சியம், மனு என்று ஏராளமான காகிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யார் எந்த நாளில் என்ன சொன்னார் என்று பார்க்க முடிகிறது. இத்தனை பேர் இதைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பிள்ளைகள் நடித்தார்களா?

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. தொடக்கத்தில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது உண்மையான பயமாகவும் மன நெருக்கடியாகவும் இருந்திருக்கலாம். சாத்தானைப் பற்றி வாராவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் பிறகு சேர்ந்த பெண்களில் சிலர் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். குற்றம்சாட்டப்பட்டவர் கையை அசைத்தால் இவர்களும் அசைப்பார்கள், உதட்டைக் கடித்தால் கடிபட்டதாக அலறுவார்கள். அதை வெறும் நோய் என்று விட்டுவிட முடியவில்லை.

மேரி வாரன் என்ற வேலைக்காரப் பெண்ணின் கதையைக் கவனியுங்கள். இவளும் முதலில் வலிப்பு வந்தவள்தான். ஏப்ரலில் கொஞ்சம் தெளிந்து, மற்றவர்கள் பாசாங்கு செய்கிறார்கள் என்கிற மாதிரி பேசினாள். உடனே கூட்டாளிகள் அவள் மீதே சூனியக் குற்றம் சாட்டினார்கள், அவளும் கைதானாள். அப்புறம் அவள் மறுபடி அவர்கள் பக்கம் போய், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். நடித்தார்களா என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டால் வெளியே வர வழி இல்லை.

ரொட்டியில் இருந்த பூஞ்சைதான் காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

கம்பு மாதிரி ஒரு தானியம் 'ரை'. அதில் வளரும் எர்காட் என்ற பூஞ்சை பிரமையை உண்டாக்கும். 1976-ல் இந்தக் கருத்து வெளியானது, அதே ஆண்டில் மறுப்பும் வந்துவிட்டது. ஒரே ரொட்டியைச் சாப்பிட்ட குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் வலிப்பு வருவது ஏன்? நீதிமன்றத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் உள்ளே நுழையும்போது வந்து, அவர் கை பட்டதும் நிற்பது ஏன்? பூஞ்சை பிள்ளைகளின் வலிப்பையே முழுதாக விளக்கவில்லை. நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பை எப்படி விளக்கும்?

படிப்பறிவு இல்லாத ஜனங்கள், அதனால் நடந்தது. அவ்வளவுதானே?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. அப்படிச் சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி, நாமெல்லாம் படித்தவர்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம். உண்மை வேறு. அன்றைய உலகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இருந்த இடங்களில் மாசசூசெட்ஸும் ஒன்று. ஐம்பது குடும்பம் இருக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்று 1647-லேயே அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன் ஹார்வர்டில் படித்தவர். நீதிபதி சாமுவேல் சியூவலும் ஹார்வர்ட்.

அதே ஹார்வர்டில் படித்த நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி, முதல் தூக்குக்குப் பிறகு மனம் ஒப்பாமல் விலகிக்கொண்டார். படிப்பு ஒன்றுதான், முடிவு வேறு.

கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் எப்படித் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள்?

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகமான கேள்வி. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவளின் உருவத்தை எடுத்துக்கொண்டு சாத்தான் போய் மற்றவர்களைத் துன்புறுத்துவான் என்பது நம்பிக்கை. அந்த உருவம் பாதிக்கப்பட்டவளின் கண்ணுக்கு மட்டும் தெரியும். "இவளுடைய உருவம் நேற்று ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒரு பெண் சொன்னால், நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. நான் அந்த நேரம் என் வீட்டில் படுத்திருந்தேன், என் கணவர் பக்கத்தில் இருந்தார் என்று சொல்லிப் பயன் இல்லை. உடம்பு வீட்டில் இருக்கும், உருவம் போயிருக்கும். எந்த ஆதாரத்தாலும் மறுக்க முடியாத சாட்சியம். இதை நான் இனி 'உருவச் சாட்சியம்' என்று சொல்கிறேன்.

ரெபேக்கா நர்ஸ் என்ற பாட்டி. வயது 71, பக்திமான் என்று ஊரே மதித்தவர். அவர் நல்லவர் என்று அக்கம்பக்கத்தார் பலர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். உடனே பாதிக்கப்பட்ட பெண்கள் பெருங்கூச்சல் போட்டார்கள். விசாரணையின்போது இன்னொரு கைதியைப் பார்த்து, இவள் எங்களில் ஒருத்தி என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதை யோசித்தீர்களா என்று ஸ்டவுட்டன் ஜூரிகளைக் கேட்டார். ஜூரிகள் திரும்பி வந்து நர்ஸிடமே விளக்கம் கேட்டார்கள். காது மந்தமான அந்த முதியவளுக்குக் கேள்வியே சரியாக விழவில்லை. பேசாமல் நின்றார். குற்றவாளி என்று தீர்ப்பு மாறியது. கூட அடைபட்டிருக்கும் கைதி என்ற பொருளில்தான் சொன்னேன் என்று பிறகு எழுதிக் கொடுத்தார். ஆளுநர் கொடுத்த தண்டனை நிறுத்தமும் திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

செய்யாத குற்றத்தை ஏன் இத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள்?

ஒப்புக்கொண்டவர்களைத் தூக்கிலிடவில்லை என்பதால். சேலத்தில் கணக்கு அப்படித்தான் ஆகிப்போனது: ஆமாம் என்றால் உயிர், இல்லை என்றால் கயிறு. முதலில் ஒப்புக்கொண்டது டிட்டூபா. அவர் ஆவணங்களில் 'இந்தியப் பெண்' என்று, அதாவது பழங்குடிப் பெண் என்று குறிக்கப்பட்டவர். கறுப்பு உடை போட்ட ஒரு மனிதன் வந்தான், ஒரு புத்தகம் காட்டினான், அதில் ஒன்பது அடையாளங்கள் இருந்தன என்று சொன்னார். மூன்று பேர்தான் பிடிபட்டிருக்கிறார்கள், மீதி ஆறு பேர் யார் என்று ஊர் தேட ஆரம்பித்தது. (அவர் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு அந்தக் காலத்து ஆவணத்தில் ஆதாரம் இல்லை. பிற்காலத்தில் ஒட்டிய கதை.)

ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட இருந்தது யார் என்றும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பெயர்கள் அடுத்த வாரண்ட் ஆயின. ஐம்பது பேர் வரை இப்படி ஒப்புக்கொண்டார்கள். சிலரை அடித்து உதைத்து வாங்கினார்கள். ஜான் பிராக்டர் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு எழுதிய கடிதத்தில், தன் மகனைக் கழுத்தையும் குதிகாலையும் சேர்த்துக் கட்டி, மூக்கில் ரத்தம் வரும்வரை போட்டு வைத்ததைச் சொல்கிறார். சாமுவேல் வார்ட்வெல் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அது பொய் என்று வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கல்லேற்றிக் கொன்றார்கள் என்று மேலே சொன்னது ஜைல்ஸ் கோரி என்ற விவசாயியை. எண்பது வயதுக்காரர். விசாரணைக்கே உட்பட மறுத்து வாயை மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவைக்க நெஞ்சின் மேல் கனத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். திறக்கவில்லை. மூன்று நாள் கழித்து அவருடைய மனைவி மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள். தொடக்கத்தில் இதே கோரி தன் மனைவிக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தவர். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த ஊர் ஜனங்களுக்கு அப்படி என்ன பயம்?

பயத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. 1689 முதல் பிரெஞ்சுக்காரர்களோடும் அவர்கள் பக்கம் நின்ற பழங்குடிகளோடும் எல்லையில் போர். 1692 ஜனவரியில், பிள்ளைகளுக்கு வலிப்பு வந்த அதே நாட்களில், வடக்கே யார்க் என்ற ஊரைத் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். வீடு இழந்து ஓடிவந்தவர்கள் சேலம் பக்கம் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களாக நின்ற பெண்களில் மெர்சி லூயிஸ் அப்படி எல்லையிலிருந்து வந்தவள்தான். போதாததற்கு, குடியேற்றத்தின் பழைய சாசனத்தை 1684-ல் அரசர் ரத்துசெய்திருந்தார். சட்டப்படி ஆட்சி யாருடையது என்பதே குழப்பம். பெரியம்மை வேறு வந்து போயிருந்தது.

இதோடு உள்ளூர்ச் சண்டை. போதகருக்குச் சம்பளமும் விறகும் கொடுப்பதா வேண்டாமா என்று கிராமம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வெளியே இருக்கிற எதிரி கைக்கு அகப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அகப்பட்டாள்.

எல்லாம் சொத்துக்காகத்தான் என்கிறார்களே?

ஓரளவு. பழைய நிலத் தகராறுகள் சாட்சியங்களில் எட்டிப் பார்க்கின்றன. ஆனால் முதலில் பிடிபட்ட மூன்று பேரில் டிட்டூபாவிடமும் சாரா குட்டிடமும் பறிக்க எதுவும் இல்லை. சொத்து ஒன்றையே சாவியாக வைத்துக்கொண்டால் பாதிக் கதவு திறக்காது.

கடைசியில் எப்படி நின்றது? சூனியம் பொய் என்று தெரிந்துவிட்டதா?

இல்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த விஷயம் இது. இதை நிறுத்தியவர்களில் முக்கியமானவர் இன்க்ரீஸ் மேதர் என்ற மூத்த போதகர். சூனியம் உண்டு என்று உறுதியாக நம்பியவர். அவர் அக்டோபரில் கேட்டது வேறு கேள்வி: சாத்தான் நிரபராதியின் உருவத்தையும் எடுத்துக்கொண்டு வரமாட்டானா? அப்படியானால் உருவச் சாட்சியத்தை வைத்து எப்படிக் கொல்லலாம்? ஒரு நிரபராதி தண்டனை பெறுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்து சூனியக்காரிகள் தப்பிப்பது மேல் என்று எழுதினார்.

அதற்குள் குற்றச்சாட்டு பெரிய இடங்களையும் தொட்டிருந்தது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸின் மனைவி பெயரும் அடிபட்டது. இந்த வழக்குகளுக்கென்று அமைத்திருந்த சிறப்பு நீதிமன்றத்தை அக்டோபர் கடைசியில் ஃபிப்ஸ் கலைத்தார். 1693 ஜனவரியில் புது நீதிமன்றம் கூடியது. உருவச் சாட்சியம் செல்லாது என்றார்கள். அதே ஊர், அதே ஜனங்கள், அதே நம்பிக்கை. ஆனால் விசாரித்தவர்களில் மூன்று பேரைத் தவிர எல்லாரும் விடுதலை. அந்த மூவரின் தண்டனையையும் ஆளுநர் நிறுத்திவைத்தார். ஒரு விதி மாறியது, கொலை நின்றது. சூனியம் உண்டா இல்லையா என்று என்னிடம் வாதம் செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த வாதம் முடியாமலேயே இது நின்றது.

நாடகத்தில் வருகிற மாதிரி அபிகெயிலுக்கும் ஜான் பிராக்டருக்கும் காதல் இருந்ததா?

இல்லை. அபிகெயிலுக்கு 11 வயது, பிராக்டருக்கு அறுபது. 1953-ல் ஆர்தர் மில்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'தி குரூசிபிள்' என்ற தன் நாடகத்துக்காக வயதுகளை மாற்றிக்கொண்டார். அவர் சேலத்தைப் பற்றி எழுதினாலும் மனதில் இருந்தது அடுத்த கேள்வியில் வருகிற விஷயம்.

மெக்கார்த்தி காலத்தை ஏன் சேலத்தோடு ஒப்பிடுகிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பயம் பரவியது. 1950 பிப்ரவரியில் ஜோசப் மெக்கார்த்தி என்ற செனட்டர், வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்ட்கள் இருப்பதாகப் பேசினார். சில நாளில் அது 57 ஆனது, பிறகு 81 ஆனது. எண் மாறியது பலருக்கு உறுத்தவில்லை. அவருக்கு முன்பே, 1947-லேயே நாடாளுமன்றக் குழு ஒன்று திரைப்படக்காரர்களைக் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறாயா, எப்போதாவது இருந்தாயா என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். வேலை வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: வருத்தம் தெரிவித்து, கூட இருந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும்.

டிட்டூபாவிடம் கேட்டதும் இதுதான். உருவச் சாட்சியத்துக்கும் இங்கே ஓர் இணை உண்டு. அரசு ஊழியர்களின் விசுவாசத்தை விசாரித்த வாரியங்கள், புகார் சொன்னவர் யார் என்பதைப் பல நேரம் ஊழியரிடம் காட்டவில்லை. முகம் தெரியாத ஆள் சொன்னதை எப்படி மறுப்பது?

ஆனால் சோவியத் உளவாளிகள் உண்மையிலேயே இருந்தார்களே? சூனியக்காரிதானே இல்லை?

நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. இருந்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் கிளாஸ் ஃபூக்ஸ் ரகசியங்களைச் சோவியத்துக்குக் கொடுத்தார். 1950-ல் பிரிட்டனில் பிடிபட்டார், ஒப்புக்கொண்டார், 14 ஆண்டு தண்டனை பெற்றார். அதை யாரும் வேட்டை என்று சொல்வதில்லை. ஆனால் மெக்கார்த்தியின் விசாரணைகளால் உளவுக் குற்றத்துக்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. வேலை இழந்தவர்கள், பெயர் கெட்டவர்கள்தான் ஏராளம்.

சேலத்திலும் எல்லையில் எதிரி நிஜமாகவே இருந்தான் என்று மேலே பார்த்தோம். ஆபத்து நிஜம் என்பதால், பிடித்த ஆள் குற்றவாளி என்று ஆகிவிடாது. மெக்கார்த்தியின் சொந்தக் கட்சியிலேயே மார்கரெட் சேஸ் ஸ்மித் என்ற பெண் செனட்டர் 1950 ஜூனில் எழுந்து இந்தப் போக்கைக் கண்டித்தார். செனட் முழுதாக மெக்கார்த்தியைக் கண்டிக்க 1954 டிசம்பர் ஆனது: 67-க்கு 22 வாக்கு. அந்த நாலரை வருஷம் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

இப்போது எந்தத் தலைவர் மேல் வழக்கு வந்தாலும் 'இது சூனியக்காரி வேட்டை' என்கிறார். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆளைப் பார்க்காதீர்கள், வழக்கு நடக்கும் விதத்தைப் பாருங்கள். குற்றச்சாட்டை மறுக்க வழி இருக்கிறதா? சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடுகிறார்களா? மறுப்பதையே குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்களா? இன்னொருவர் பெயரைச் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்கிறார்களா? ஆவணமும் வழக்கறிஞரும் மேல்முறையீடும் இருக்கிற இடத்தில் பலம் உள்ள ஒருவர் ரெபேக்கா நர்ஸின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், நமக்குப் பிடிக்காத கட்சிக்காரர் மேல் ஆதாரமில்லாமல் வழக்குப் போட்டு மாதக்கணக்கில் உள்ளே வைத்தால், அதையும் இதே கேள்விகளால்தான் அளக்க வேண்டும்.

இந்தியாவில் இன்றும் இது நடக்கிறதாமே?

நடக்கிறது. ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம் போன்ற மாநிலங்களில் பெண்களை 'டாயன்' என்று பட்டம் கட்டி அடிப்பதும் விரட்டுவதும் கொல்வதும் இன்னும் நிற்கவில்லை. விதவைகள், நிலம் வைத்திருக்கும் தனிப் பெண்கள் அதிகம் சிக்குகிறார்கள். ஊரில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தால் போதும், மருத்துவமனை தூரம், அவள் வீடு பக்கம். பீகாரில் 1999-லும் ஜார்க்கண்டில் 2001-லும் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. தானே இப்படிப் பட்டம் கட்டி விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ, தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் உழைத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

முந்நூறு வருஷம் கழித்து மன்னிப்புக் கொடுத்து என்ன பயன்?

சேலத்தில் சிலர் காலத்திலேயே மன்னிப்புக் கேட்டார்கள். 1697-ல் நீதிபதி சியூவல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க, பழியையும் வெட்கத்தையும் ஏற்கிறேன் என்ற அவருடைய வாக்குமூலத்தைப் போதகர் வாசித்தார். ஜூரிகளும் கேட்டார்கள். பன்னிரண்டு வயதில் பலர் மீது குற்றம்சாட்டிய ஆன் புட்னம் 1706-ல் கேட்டார், ரெபேக்கா நர்ஸின் குடும்பத்தைக் குறிப்பிட்டே கேட்டார். ஸ்டவுட்டன் கடைசிவரை கேட்கவில்லை. 1711-ல் பலருடைய தண்டனையை ரத்துசெய்து, குடும்பங்களுக்குச் சுமார் 600 பவுண்ட் இழப்பீடு கொடுத்தார்கள்.

விட்டுப்போன பெயர்களும் இருந்தன. 1693-ல் புது நீதிமன்றம் தண்டித்த மூவரில் ஒருவர் எலிசபெத் ஜான்சன், ஆண்டோவர் பக்கத்துப் பெண், கைதானபோது வயது 22. 1711-ல் தன் பெயர் விடுபட்டதைப் பார்த்து அவரே மனுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குக் குழந்தைகள் இல்லை, அதனால் மற்றவர்களுக்குப் பேரப்பிள்ளைகளின் வாரிசுகள் போய்க் கேட்ட மாதிரி இவருக்குக் கேட்க ஆள் இல்லை. கடைசியில் நார்த் ஆண்டோவர் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் கதையைப் பாடமாகப் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எடுத்துக்கொண்டார். 2022 ஜூலையில் அவர் பெயரிலிருந்து குற்றம் நீங்கியது. சேலம் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பெயர் துடைக்கப்படாமல் கடைசியாக நின்றவர் அவர்தான்.